ஐந்தாவது பலூன்

சிவமயம்

நெற்குப்பை,
6.1.2025

அன்புள்ள பூமிநாதன் அண்ணனுக்கு,

தேனம்மை எழுதுகிறேன். எந்தத் தேனம்மை என்று யோசிக்க வேண்டாம், நெற்குப்பை பெரிய வீட்டு மருமகள்தான். மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை எடுத்தீர்கள், பெயரைச் சொன்னதும் கட்டாகிவிட்டது. சிக்னல் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். சிவகங்கைக் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறீர்கள் என்று சரவணகுமார் விலாசம் கொடுத்தான். உங்கள் ஊர்ப் பையன்தான், இப்போது இங்கே வீடு சுற்றிக் காட்டுகிறான்.

உங்களை நேரே விஷயத்துக்கு வரச் சொல்லிப் பழக்கப்படுத்தியது நான்தான், அதனால் நானும் வந்துவிடுகிறேன். பங்குனி முதல் வீட்டைத் தங்க வருபவர்களுக்குத் திறக்கிறோம். பங்காளிகள் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். வளவு முற்றத்தைச் சுற்றி இருக்கும் படங்களுக்குக் கீழே சின்ன அட்டையில் விளக்கம் வைக்க வேண்டும். சாமி படங்களுக்கு நானே எழுதிவிட்டேன். பலூன் படங்களுக்கு என்ன எழுதுவது? சைகோனிலிருந்து கப்பலில் வந்தவை என்பதற்கு மேல் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் இங்கே கைடு வேலையை விட்டுப் போன பிறகு வந்த ஒருவர், "இதெல்லாம் அந்தக் காலத்து ஏரோப்பிளேன்" என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் பாவம், தலையை ஆட்டினார்கள்.

நீங்கள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று சொல்வதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். பாதி மறந்துவிட்டது. எழுதித் தருவீர்களா?

மீனுவுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. உங்களை அவளுக்குத் தெரியாது.

நலம் விரும்பும்,
தேனம்மை

---

சிவகங்கை,
12.1.2025

மதிப்பிற்குரிய தேனம்மை ஆச்சி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

திருடன் என்று சொல்லி அனுப்பிய ஆளிடமே மிச்சப் படங்களுக்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் துணிச்சலை மெச்ச வேண்டியதுதான். கடிதத்தைக் கிழித்துப் போட எடுத்தேன். அப்புறம் அந்த ஏரோப்பிளேன் கைடு கண் முன்னால் வந்து நின்றார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

போன் வேண்டாம், ஆச்சி. போனில் சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். எதுவானாலும் காகிதத்தில் எழுதுங்கள்.

படம் ஒன்று. 1783ஆம் வருடம் செப்டம்பர் மாதம், பாரிசுக்குப் பக்கத்தில் வெர்சாய் அரண்மனை. ராஜா பார்க்க, ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் கூடையில் வைத்துச் சூடான காற்று நிரப்பிய பலூனில் மேலே அனுப்பினார்கள். மனிதன் போனால் செத்துவிடுவானோ என்று பயம். மூன்றும் உயிரோடு இறங்கின. சேவலுக்கு மட்டும் இறக்கையில் அடி. மேல் காற்றின் கோளாறு என்று பண்டிதர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், கூட இருந்த ஆடு மிதித்திருக்கிறது.

படம் இரண்டு. அதே வருடம் ஆகஸ்டு. பாரிசில் விட்ட ஆளில்லாத பலூன் ஒன்று கோனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. பூதம் என்று நினைத்து ஊர்ஜனம் வைக்கோல் வாரும் கவையால் குத்தி, குதிரை வாலில் கட்டி இழுத்தார்கள். படத்தில் வலது ஓரத்தில் நிற்கும் பாதிரியாரைப் பாருங்கள், கூட்டத்துக்குப் பயமா பலூனுக்குப் பயமா என்று தெரியாத முகம். நம் ஆட்களாக இருந்தால் குத்தியிருக்க மாட்டோம். பொட்டு வைத்துப் பொங்கல் வைத்திருப்போம்.

இந்தப் படங்கள் எல்லாமே அந்தச் சம்பவங்கள் நடந்து நூறு வருடம் போல ஆனபிறகு கல் அச்சில் போட்டவை. போட்டவர் யாரும் நேரில் பார்த்தவர் இல்லை. இதையும் அட்டையில் எழுதுங்கள்.

மற்ற இரண்டும் அடுத்த கடிதத்தில்.

சோ. பூமிநாதன்

---

சிவமயம்

நெற்குப்பை,
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நன்றாக நடந்ததா? வீட்டில் அண்ணி, பிள்ளைகள் சுகமா? அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

சேவலை ஆடு மிதித்த கதையை மீனுவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஆட்ட அப்புறம் என்னம்மா செஞ்சாக?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எழுதுங்கள்.

இங்கே ஒரு செய்தி. மாசி மாதம் முன்னோருக்குப் படைப்பு வைத்திருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்குப் பிறகு! நீங்கள் இருந்தபோது நடந்ததுதான் கடைசி. அதற்குப் பின் வீட்டை ஹோட்டலாக்குவதா வேண்டாமா என்று பங்காளிகள் இரண்டு பட்டார்கள். எல்லாரும் கூடாமல் படைப்பு இல்லை. இப்போதுதான் என் கணவரின் பெரியப்பச்சி இராமு இறங்கி வந்திருக்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆகி, கண் தெரிகிற சந்தோஷத்தில் எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்கிறார். பஸ் போர்டு, மருந்து டப்பா, கல்யாணப் பத்திரிகை, ஒன்றையும் விடுவதில்லை.

ஐந்தாவது படத்துக்கும் விளக்கம் எழுதி அனுப்புங்கள். அந்தச் சட்டம் மட்டும் காலியாக அதே இடத்தில் தொங்குகிறது. அதில் என்ன இருந்தது என்றாவது எழுதி வைக்கலாம் அல்லவா?

தேனம்மை

---

சிவகங்கை,
27.1.2025

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

ஆட்டை ராணியின் தொழுவத்தில் வைத்துச் சீராட்டினார்கள் என்று சொல்வார்கள். மிதித்தவர்களுக்கு எங்கேயும் குறைவில்லை. இதை மீனுவிடம் சொல்ல வேண்டாம்.

படம் மூன்று. 1783 நவம்பர். முதன்முதலாக இரண்டு மனிதர்கள் பறந்தது. கீழே வைக்கோலை எரித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் பாரிசின் அழகைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, மற்றவர் நெருப்பைப் பாருமய்யா என்று கத்தினாராம். படத்தில் இருவரும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள்.

படம் நான்கு. 1819. சோஃபி பிளான்ஷார் என்ற பெண். தரையில் குதிரைவண்டி ஓடினாலே பயப்படுகிறவர், வானத்தில் பயமில்லை. பலூனில் இருந்தபடி வாணவேடிக்கை விட்டபோது வாயுவில் தீப்பிடித்து, ஒரு வீட்டுக் கூரையில் விழுந்து, அங்கிருந்து தெருவில் விழுந்து இறந்தார். அதுவும் வேடிக்கையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கீழே கை தட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாவதற்கு நான் அட்டை எழுத மாட்டேன். உங்கள் வீட்டுக் கணக்கில் அது என்னிடம்தானே இருக்கிறது? கேட்டதற்காகச் சொல்கிறேன். 1785 ஜனவரி 7. இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலுக்கு மேலே போன பலூன். பிளான்ஷார் என்ற பிரெஞ்சுக்காரர், ஜெஃப்ரிஸ் என்ற அமெரிக்க டாக்டர். அந்தச் சோஃபி, இதே பிளான்ஷாரின் மனைவிதான். பெயர் தனக்கு மட்டுமே வர வேண்டும் என்று டாக்டரைக் கழற்றிவிடப் பார்த்தார் பிளான்ஷார். இரண்டு பேரைப் பலூன் தாங்காது என்று காட்ட, சட்டைக்குள் ஈயம் வைத்த கச்சையைக் கட்டிக்கொண்டு ஏறினார். கண்டுபிடித்துவிட்டார்கள். பாதிக் கடலில் பலூன் இறங்க ஆரம்பித்ததும் மணல் மூட்டை, துடுப்பு, சாப்பாடு, கடைசியில் கோட்டு, கால்சட்டை வரை கழற்றிக் கடலில் எறிந்தார்கள். ஒரு கடிதம் மட்டும் கரை சேர்ந்தது. ஆனால் படத்தில் இருவரும் கோட்டுப் போட்டுக் கொடி அசைக்கிறார்கள். நேரில் பார்க்காமல் போட்ட படத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் நிற்பார்கள்.

அந்தச் சட்டத்தின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றுவதற்காகப் படத்தைக் கழற்றி, மடங்காமல் இருக்கக் கீழே ஒரு அட்டை கொடுத்து, பழுப்புத் தாளில் சுற்றி மேசையில் வைத்தவன் நான். படைப்புக் கூட்டம் முடிந்து சாயந்திரம் பார்த்தால் இல்லை. அந்த வீட்டில் அதன் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எடுத்தவனும் நானாகத்தான் இருக்க வேண்டும். இராமுச் செட்டியார் வளவு நடுவில் என் பையைக் கொட்டச் சொன்னார். சோற்று டப்பா உருண்டு போய் உங்கள் காலடியில் நின்றது. நீங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தது. இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். கேஸ் எழுதவில்லை, திட்டி அனுப்பினார்கள். அப்புறம் நெற்குப்பைப் பக்கமே நான் வரவில்லை.

கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன். இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

சோ. பூமிநாதன்

---

சிவமயம்

நெற்குப்பை,
3.2.2025

பூமிநாதன் அண்ணனுக்கு,

அன்புள்ள என்று போட்டு அடித்துவிட்டேன். வாசித்து முடித்த பிறகு நீங்களே அடிப்பீர்கள், உங்களுக்கு ஏன் அந்த வேலை?

அந்தப் படம் இந்த வீட்டில்தான் இருக்கிறது. படைப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வைத்தவள் நான்.

அந்தப் பெட்டியைப் பற்றி நீங்கள் டூரிஸ்டுகளுக்குச் சொல்வீர்களே: "செத்துப்போன ஆத்தாளுக்குப் புதுச்சேல வச்சுப் பூட்டிருவாக. அடுத்த படைப்புக்குத்தேன் தொறப்பாக. நடுவுல யாரும் தொடமாட்டாக, தொட்டாக் குடும்பத்துக்கு ஆகாது." அன்று காலை பெட்டியைத் திறந்தபோது அடிப்பலகை செல்லரித்திருந்தது. என் மாமியார் அவசரமாக, "அடியில விரிக்கக் கெட்டியா ஒரு அட்ட கொண்டா" என்றார்கள். முகப்பு அறை மேசையில் அட்டை வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஓடினேன். பழுப்புத் தாளில் சுற்றிய ஒன்று கையில் தட்டுப்பட்டது. பெட்டிக்கு அளவெடுத்தது போல இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். அதன் மேல் சேலையை வைத்தார்கள், பூட்டினார்கள். சாவி பெரியப்பச்சியிடம் போனது.

சத்தியமாக அன்று எனக்குத் தெரியாது. உங்கள் பையைக் கொட்டச் சொன்னபோது தெரியாது. சோற்று டப்பாவை எடுத்துக் கொடுத்தபோதும் தெரியாது.

நான்காம் நாள் தெரிந்தது. மேசையைத் துடைக்கப் போனேன். நான் எடுக்கப் போன வெறும் அட்டை அங்கேயே, செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. அப்படியானால் நான் எடுத்துப்போனது எது? நீங்கள் சுற்றி வைத்த படம்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டது உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்து வந்ததே நீங்கள்தான். பூட்டிய பெட்டியை என்னால் திறந்தார்கள், ஆத்தா சேலைக்கு அடியில் கண்ட காகிதத்தையும் வைத்தவள் என்று பேச்சு வந்து, இதுவும் தங்காமல் போனால்? மாமியார் சொல்வதற்கு முன்னால் என் மனமே சொல்லியது. பிள்ளை பிறக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறந்தது. பேர் வைக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த படைப்பில் தானாக வெளியே வரும் என்று இருந்தேன். படைப்பே நின்றுபோனது. மாமியார் இறந்து இரண்டு வருடமாகிறது, அந்தச் சாக்கும் போய்விட்டது. அப்புறமும் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன காரணம் சொல்ல?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி உங்களிடம் இருக்கிறது, பாவத்தை நான் வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கி எழுகிறேன். அட்டைக்கு விளக்கம் வேண்டும் என்று எழுதியதெல்லாம் சாக்கு. பெட்டியைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும்தான் உங்கள் விலாசத்தைத் தேடினேன். அதிலும் என் யோக்கியதை அவ்வளவுதான்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நா எழவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தேனம்மை

---

சிவகங்கை,
10.2.2025

தேனம்மை ஆச்சிக்கு,

நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. என் மனைவி பாண்டீஸ்வரி கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்கினாள். நெடுநேரம் துலக்கினாள்.

என் அம்மா சோணையம்மாளை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு நெல் அவித்துக் கொடுக்க வருவார். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. கடைசி நாட்களில் ஆளைத் தெரியாது, பேர் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்பார்: "அந்தப் படத்த எடுத்தியாய்யா? எடுத்திருந்தாக் குடுத்துருய்யா, அம்மா யார்ட்டயும் சொல்லமாட்டேன்." ஊர் சொன்னதைத் தாங்கினேன். பெற்றவளுக்கே உறுதி இல்லாமல் போனதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. நீங்கள் எழுதிய கடிதத்தை யாரிடம் போய் வாசித்துக் காட்டுவேன்?

எனக்கு எழுதும் கடிதத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபம், ஆச்சி. அதை வாசிக்கப் போவது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே தெரியும், தான் எடுக்கவில்லை என்று. தெரியாதவர்களிடம் சொல்லுங்கள். அதே வளவில், அதே ஆட்களுக்கு முன்னால், எல்லாரும் கூடுகிற அதே படைப்பு நாளில். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் பெண் நன்றாக இருக்கட்டும். இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

பூமிநாதன்

---

சிவமயம்

நெற்குப்பை,
2.3.2025

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை படைப்பு நடந்தது. நான் சொல்லவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். முதல் நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். நாலே வாக்கியம். காலையில் பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தார்கள். அடியில் பழுப்புத் தாள். பெரியப்பச்சி பிரித்தார். படம் புத்தம் புதிதாக, நீலம்கூட மங்காமல் இருந்தது. இதுதான் நேரம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

பெரியப்பச்சி குரல் தழுதழுக்க, "பாத்தீகளா! களவு போகவிடாம ஆத்தாளே எடுத்து மடியில வச்சுக் காப்பாத்தியிருக்கா!" என்றார். அவ்வளவுதான். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஒருவர் அழுதார். சங்கு ஊதினார்கள். படத்தைச் சாமிக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தார்கள். யாரோ ஒருவர், "அப்ப அந்தப் பூமிநாதன்?" என்று கேட்டார். "பாவந்தேன். ஆத்தா சோதிச்சிருக்கா, நாம என்ன செய்ய?" என்று பதில் வந்தது. பழியை உங்களிடமிருந்து எடுத்து ஆத்தா தலையில் போட்டுவிட்டார்கள். அவள் பேசவா போகிறாள்?

சங்குச் சத்தத்தில் பேச முடியவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சங்கு நின்றது, அண்ணே. அப்புறமும் நேரம் இருந்தது. இலை போட்டார்கள், நான் பரிமாறினேன். நூறு பேருக்கு மேல் பரிமாறினேன், ஒருவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவர் என்னைப் பார்த்து, "ஆத்தா ஆசீர்வாதம் ஒன் மகளுக்குத்தேன்" என்றார். சிரித்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்து என்ன பிரயோசனம், வாய் திறக்கவில்லையே.

தேனம்மை

---

சிவகங்கை,
7.3.2025

குங்குமத்தை எங்கே வைத்தார்கள்? பலூன் மேலா, கடல் மேலா?

ஈரத்துணி கொண்டு துடைக்க வேண்டாம். எண்ணெய் கலந்த குங்குமமாக இருந்தால் காகிதத்தில் ஊறிவிடும், போகாது. உலர்ந்த தூளாக இருந்தால் மயிற்பீலியால் தட்டி விடுங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

நூற்றுச் சொச்சம் வருடம் ஒரு கறை இல்லாமல் இருந்த படம். அந்தக் கண்ணாடியைத் தினம் நான்தான் துடைப்பேன். பொட்டு வைப்போம் என்று விளையாட்டாக எழுதியிருந்தேன், வைத்தேவிட்டீர்கள்.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். நீங்கள் எழுத வேண்டிய இடம் சிவகங்கை இல்லை.

பூமிநாதன்

---

சிவமயம்

நெற்குப்பை,
24.3.2025

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும், அதற்குப் பின் தொந்தரவு செய்ய மாட்டேன்.

குங்குமம் பலூனுக்கு நட்ட நடுவில். எண்ணெய்க் குங்குமம்தான். போகவில்லை.

நீங்கள் கடைசியாக எழுதியதை வெகுநாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயால் எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது. படத்தைப் பழைய சட்டத்தில் மாட்டினேன். முதல் நான்கு படத்துக்கும் நீங்கள் எழுதியதை அப்படியே அட்டையில் வைத்தேன். ஐந்தாவதற்கு நானே எழுதினேன். அதை இங்கே நகல் எடுக்கிறேன்:

"ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பலூன், 1785 ஜனவரி 7. பாரமாக இருந்ததையெல்லாம் கடலில் எறிந்து கரை சேர்ந்தார்கள். இந்தப் படம் பதினோரு வருடம் இந்தச் சுவரில் இல்லை. 2014 மாசிப் படைப்பன்று, வெறும் அட்டை என்று நினைத்து இதைப் படைப்புப் பெட்டியில் வைத்தவள் இந்த வீட்டு மருமகள் தேனம்மை. சில நாள் கழித்துத் தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. படத்தைத் திருடியதாக சோ. பூமிநாதன் மேல் பழி சொன்னோம். அவர் எடுக்கவில்லை. மற்ற நான்கு படங்களின் விளக்கம் அவர் எழுதியது. நடுவில் இருக்கும் கறை நாங்கள் வைத்தது."

நேற்று வீடு திறப்பு. பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் யாரிடமும் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. பெரியப்பச்சி முதல் படத்திலிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். ஆடு சேவலை மிதித்ததற்கு வளவே சிரித்தது. இன்னும் வாசியுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஐந்தாவது படத்துக்கு வந்தார். பாதியில் குரல் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. அவருக்கு ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாது. கறை நாங்கள் வைத்தது என்பது வரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கிப் பையக் கொட்டச் சொன்னது நாந்தேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

என் கணவர் நேற்றிலிருந்து பேசவில்லை. காப்பி வேண்டும் என்றால்கூட மீனுவிடம் சொல்லி அனுப்புகிறார். அட்டையை எடுக்கச் சொல்லவில்லை, அது வரைக்கும் போதும். மீனு அட்டையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டாள். உனக்காக என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று, "பயந்துட்டேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. உங்கள் அம்மா இருக்கும்போது இதை எழுதியிருக்க வேண்டும். அதற்கு என்ன செய்தாலும் ஈடில்லை என்று எனக்குத் தெரியும்.

தேனம்மை

---

சிவகங்கை,
31.3.2025

தேனம்மை ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சரவணகுமார் அட்டையைப் படமெடுத்துப் போனில் அனுப்பிவிட்டான். பெரிதாக்கி வாசித்தேன். பாண்டீஸ்வரி, "சத்தமா வாசிங்க" என்றாள். வாசித்தேன். அம்மா படத்துக்கு முன்னால் நின்று இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அதையும் செய்தேன்.

அட்டையில் ஒரு இடம் சரியில்லை. சில நாள் கழித்துத் தெரிந்தும் என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுதியபோது நான்காம் நாள் என்று எழுதினீர்கள். என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது ஐந்தாம் நாள்.

நீங்கள் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். சில நாள் என்று எழுதினால் அந்த ஒரு ராத்திரி படத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. கோட்டுப் போட்டு நிற்க வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

நான்காம் நாள் என்று திருத்தி, அடுத்த வரியில் ஐந்தாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள் என்று சேர்த்துப் புது அட்டை அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல கனமான தாள், எழுத்து சீக்கிரம் மங்காது. பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டுங்கள்.

மாட்டிய பிறகு சரவணகுமாரிடம் சொல்லி அனுப்புங்கள். பாண்டீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வருகிறேன். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களோடு சேர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவோம்.

அன்றைக்கு நீங்கள் வளவுப் பக்கம் வர வேண்டாம்.

சோ. பூமிநாதன்